பள்ளி மூடிய காலத்துப் பிள்ளைகள்

ஒரு குலத்தின் செல்வம் யாதென வினவின், நிலமும் பொன்னும் என்பார் சிலர். தறியும் கைத்திறனும் என்பார் நம்மவருட் பலர். யாமோ, அக்குலத்துப் பிள்ளைகள் எழுத்தறிந்து நிற்கும் நிலையே அதன் செல்வம் என்போம். நிலம் விலைப்படும், பொன் அடகு புகும், தறியும் ஒருநாள் ஓய்ந்து நிற்கும். கற்ற கல்வி ஒன்றே கடன்காரன் கைப்படாதது. இவ்வுண்மையை உணர்ந்தன்றோ நம் சங்கத்தார் ஆண்டுதோறும் தேர்விற் சிறந்த மாணாக்கர்க்குப் பரிசிலும், வறிய மாணாக்கர்க்குப் பொருளுதவியும் வழங்கி வருகின்றனர்!

சென்ற பரிசளிப்பு விழாவில் யாமும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தோம். பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. பிள்ளைகள் மேடையேறினர், தாய்மாரின் கண்கள் பனித்தன. அப்பொழுது எம் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்தது. படிக்கப்பட்ட பெயர்களை அனைவரும் கேட்டோம்; படிக்கப்படாத பெயர்களை அறிவார் யாவர்? 2020-ஆம் ஆண்டு கொரோனா என்னும் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்ட நாளில் எம் வகுப்பில் இருந்து, அவை மீண்டும் திறக்கப்பட்ட நாளில் திரும்பி வாராத பிள்ளைகளின் பெயர்கள் எம் நினைவில் வரிசையாக வந்து நின்றன. அந்நினைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

கொள்ளைநோய்களின் வரலாறு பலவாக எழுதப்பட்டுள்ளது. இறந்தோர் தொகையைக் கணக்கர் எண்ணினர். மருத்துவர் மருந்தின் வரலாற்றை எழுதினர். ஆட்சியாளர் தாம் இட்ட ஆணைகளைக் குறித்து வைத்தனர். ஆயின், வெளியே நோயும் உள்ளே வறுமையும் நெருக்க, ஓர் அறையில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தம் எழுத்து மறவாதபடி காத்த தாயின் வரலாற்றை எழுதினார் மிகச் சிலரே. அதனை இயன்ற அளவு ஈண்டுத் தொகுத்துரைத்து, அதனால் நம்மவர் அறியத்தக்கது யாதென்பதையும் கூறப் புகுகின்றோம்.

முதற்கண், நம் நாட்டுப் பழைய முறையைச் சிறிது நோக்குவோம். இற்றைக்கு இருநூறு ஆண்டுகட்கு முன் நம் ஊர்களிற் பள்ளி என்பது தனிக் கட்டடம் அன்று. ஒரு வீட்டின் திண்ணையே பள்ளி. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்தனர். ஆசிரியர் ஒருவரே ஆதலின், முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனைச் சட்டாம்பிள்ளை என வழங்கினர். அம்முறையில் அடியும் கொடுமையும் இருந்தன என்பதும், எல்லாக் குலத்துப் பிள்ளைகட்கும் பெண் மக்கட்கும் அத்திண்ணை திறந்திருக்கவில்லை என்பதும் மறுக்கலாகா. அக்குறைகளை நீக்கியது பிற்காலத்துப் பொதுப்பள்ளியே. ஆயினும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் அவ்வொரு வழக்கம் கடல் கடந்து சென்ற செய்தியை நம்மவர் அறிதல் வேண்டும்.

1789-ஆம் ஆண்டு சென்னையில், படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகட்கென நிறுவப்பட்ட இல்லம் ஒன்றுக்கு ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் தலைவராயினார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மூத்த மாணாக்கரைக் கொண்டே இளையார்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் இதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். அது சென்னை முறை என்றே பெயர் பெற்று, இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றிற் பரவிற்று. இதனை ஈண்டு யாம் கூறியது வெறும் பெருமைக்காக அன்று. பள்ளிக் கதவு மூடப்பட்ட காலத்தில் எவ்வழி நமக்குக் கைகொடுத்தது என்பதைப் பின்னர்க் காட்டுங்கால் இச்செய்தி பயன்படும்.

நிற்க. இனிப் பெருந்தொற்றுக் காலங்கட்கு வருவோம். கொள்ளைநோய் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. நோய் வீட்டில் யாரைக் கொள்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளை இழப்பது இன்னது என அமைகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, மூன்று காலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 1918-ஆம் ஆண்டு. இன்ஃபுளூயன்சா என்னும் நச்சுக்காய்ச்சல் அவ்வாண்டு உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் இறந்தோர் ஒரு கோடி இருபது இலட்சத்திற்குக் குறையார் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கணிப்பு. 1911-ஆம் ஆண்டுக் கணக்கினும் 1921-ஆம் ஆண்டுக் கணக்கில் நம் நாட்டு மக்கள் தொகை குறைந்திருந்ததற்கு அந்நோய் பெருங் காரணமாயிற்று. பம்பாய் மாகாணத்தையும் நடு மாகாணங்களையும் நோக்கச் சென்னை மாகாணத்தில் அழிவு குறைவே. எனினும் குறைவென்பது ஒப்பு நோக்கிக் கூறியதேயன்றி, இழந்த வீட்டார்க்கு அது குறைவாகுமோ? அந்நோயின் தனிக்கொடுமை யாதெனின், அது கிழவரையும் குழவியரையும் மட்டும் கொள்ளாது, 20 முதல் 40 வயது வரையுள்ள திடமானவரைப் பெரிதும் கொண்டதேயாம். அவ்வயதினரே பள்ளிப்பிள்ளைகளின் பெற்றோர். ஆகவே அந்நோய்க் காலத்துப் பிள்ளை இழந்தது பள்ளியை அன்று, தாய் தந்தையரையே.

அவ்வாண்டு அமெரிக்க நாட்டின் நகரங்களிற் பெரும்பாலான பள்ளிகளை மூடிவிட்டன. நியூயார்க், சிகாகோ முதலிய சில நகரங்கள் மட்டும் மூடவில்லை. நியூயார்க்கில் நலவாழ்வுத் துறைத் தலைவராயிருந்தவர் ராயல் கோப்லண்ட் என்பவர். குழந்தை நலப் பிரிவின் தலைவி ஜோசபைன் பேக்கர் என்னும் பெண் மருத்துவர். அந்நகரத்துப் பள்ளிப்பிள்ளைகள் ஏறத்தாழ 10 இலட்சம். அவருள் நால்வரில் மூவர், காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அப்பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பினால் அவர்கள் தெருவில் திரிவர். அல்லது நோயாளியோடு ஓர் அறையிற் கிடப்பர். பள்ளியிலோ அகன்ற அறை உண்டு, தூய்மை உண்டு, நோய்க்குறி அறியும் ஆசிரியர் உண்டு, 1902-ஆம் ஆண்டு முதலே அந்நகரத்துப் பள்ளிகளிற் செவிலியர் பணிபுரிந்து வந்தனர். ஆதலின், பிள்ளை நேரே வகுப்பறைக்கு வருக, வெளியிற் கூட்டமாக நிற்கலாகாது, ஒவ்வொரு நாளும் ஆசிரியர் பிள்ளையைப் பார்க்க, நோய்க்குறி கண்டால் தனியே பிரித்து வீட்டிற்கு அனுப்பி அவ்வீட்டு நிலையையும் அறிந்து வருக என்று ஏற்பாடு செய்து, பள்ளிகளைத் திறந்தே வைத்தனர். இஃது அன்றே பலரால் கடிந்துரைக்கப்பட்டது. இன்றும் அறிஞர் இருபாலும் பேசுவர். அது சரியோ தவறோ என முடிவு கூறுதல் எம் கருத்தன்று. அவர்கள் எழுப்பிய வினாவே எமக்கு வேண்டுவது. பள்ளியை மூடலாமா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. மூடினாற் பிள்ளை எவ்வகை வீட்டிற்குப் போகிறது என்றும் கேட்டனர்.

இரண்டாவது 1937-ஆம் ஆண்டு; இடம் அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரம். அவ்வாண்டு அங்கே இளம்பிள்ளை வாதம் பரவிற்று. பெயரே கூறுமாறு, அது பிள்ளைகளையே நாடும் நோய். கை கால்களை முடக்குவது. அதற்குத் தடுப்பு மருந்து 1955-ஆம் ஆண்டிலேதான் வழக்கிற்கு வந்தது ஆதலின், அக்காலத்துப் பெற்றோர் பிள்ளையை வீட்டிற் பூட்டி வைத்தலன்றி வேறு வழி அறியார். செப்டம்பர் மாதம் திறக்கவேண்டிய பள்ளிகள் திறக்கப்படவில்லை. அப்பொழுது அந்நகரத்துக் கல்வி அதிகாரிகள் ஒரு புதுமை செய்தனர். வானொலி நிலையங்கள் சில நேரம் உதவ, மூன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகட்கு வானொலி வழியே பாடம் நடத்தினர். பாடம் ஒன்று கால் மணி நேரம். எந்நேரம் எவ்வகுப்பிற்குப் பாடம் என்பதையும், பிள்ளை செய்யவேண்டிய பயிற்சிகளையும் நாளிதழ்கள் வெளியிட்டன. ஐயம் உள்ள பெற்றோர் கேட்டறியத் தொலைபேசியருகே ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகட்கென இவ்வேற்பாடு நடைபெற்றது. சில வாரங்களில் நோய் தணிய, பள்ளிகள் திறந்தன.

கருவியின் அருமை பெரிதே. ஆயினும் வானொலிப் பெட்டி இல்லாத வீடும் இருந்தது. இருந்தும் ஒலி தெளிவாகக் கேளாத வீடும் இருந்தது. பாடம் விரைந்து சென்றது. மெல்லக் கற்கும் பிள்ளை பின்தங்கிற்று. “ஐயா, மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்” என்று வானொலியைக் கேட்க இயலுமோ? வீட்டில் அருகே அமர்ந்து விளக்குவார் இருந்த பிள்ளை கற்றது. இல்லாத பிள்ளை ஒலியை மட்டும் கேட்டது. இவ்வேற்றுமையை நினைவிற் கொள்க. எண்பத்துமூன்று ஆண்டுகட்குப் பின் நம் தெருக்களில் இதனையே யாம் கண்டோம்.

மூன்றாவது நாம் அனைவரும் பட்டறிந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாத நடுவிலேயே நம் மாநிலத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணாக்கர் பள்ளி செல்லாது வீட்டிலிருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூன் 9-ஆம் நாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள், காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணாலும் வருகைப் பதிவாலும் தேர்ச்சி பெற்றனர். 2021 ஜனவரி 19-ஆம் நாள் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8-ஆம் நாள் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தன. இரண்டாம் அலை எழ, அவையும் நிலைக்கவில்லை. மீண்டும் செப்டம்பர் 1-ஆம் நாள் உயர்வகுப்புகள் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் நவம்பர் 1-ஆம் நாளிலேதான் திறந்தன. கணக்கிட்டு நோக்கின், சிறுபிள்ளைகட்குப் பள்ளிக் கதவு பத்தொன்பது மாதங்கட்கு மேல் அடைபட்டிருந்தது.

பள்ளி மூடப்பட்டபொழுது மூடப்பட்டது பாடம் மட்டும் அன்று. நம் நாட்டுப் பள்ளி சோறிடும் இடமுமாகும். 1920-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகலுணவு தொடங்கியதும், 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத்தில் விரிந்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிற் சத்துணவுத் திட்டமாகப் பெருகியதும் யாவரும் அறிந்தனவே. பள்ளி மூடிய காலத்தில் அரிசியும் பருப்பும் உலர்பொருளாகப் பிள்ளைகளின் வீட்டார்க்கு வழங்கப்பட்டன. எனினும் அவ்வரிசி வீடு வந்தபின் அது பிள்ளைக்கு மட்டும் உரியதாக நிற்குமோ? வேலையிழந்த தந்தைக்கும் அதுவே சோறு. தறிகள் நின்றன, பாவு வரவில்லை, நெய்த சேலையும் விலைபோகாது பெட்டியிற் கிடந்தது. இந்நிலையிற் பிள்ளையின் படிப்பு வீட்டாரின் கடைசிக் கவலையாயிற்று எனின், அவரைக் குறை கூறுதல் தகுமோ?

யாமும் முதலிற் குறை கூறினோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடன். கல்வித் தொலைக்காட்சியிற் பாடங்கள் வந்தன. யாமும் கைப்பேசி வழியே எம் மாணாக்கர்க்கு இலக்கணமும் செய்யுளும் குரலிற் பதிந்து அனுப்பினோம். விடை எழுதி அனுப்பியோர் வகுப்பிற் பாதிக்கும் குறைவு. “பொறுப்பற்ற பெற்றோர்” என்று மனத்துட் சினந்தோம். ஊரடங்கு சிறிது தளர்ந்தபின், விடை அனுப்பாத ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாயார் வாயிலில் நின்று கூறியது இன்றும் செவியில் ஒலிக்கின்றது. “ஐயா, வீட்டிற்குக் கைப்பேசி ஒன்றுதான். அவர் விடியற்காலை வேலை தேடிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. இரவு அது வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடுகிறான். எழுப்பிப் பார்த்தால் உள்ளே காசு தீர்ந்திருக்கும்” என்றார். எம்மிடம் விடையில்லை. யாமும் குழித்தறியின் அருகே வளர்ந்தவரே. ஆயினும் மாதந்தோறும் ஊதியம் வந்தமையால், ஊதியம் வாராத வீட்டின் நிலையை மறந்துவிட்டோம்.

அவ்வம்மையார் கூறியது ஒரு வீட்டின் கதை அன்று என்பதை ஏசர் என்னும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை பின்னர்க் காட்டிற்று. 2021-ஆம் ஆண்டு நாட்டின் ஊரகங்களிற் பள்ளிப்பிள்ளைகளின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கில் அறிதிறன்பேசி இருந்தது. ஆனால் அக்கருவி இருந்த வீடுகளிலும் நால்வரில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கு எட்டவேயில்லை. சிகாகோவின் வானொலிப் பெட்டிக்கு நேர்ந்ததே நம் கைப்பேசிக்கும் நேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றியும் கூறல் வேண்டும். கணக்கிற் கூரியவன், எழுத்தும் முத்துப்போன்றது. ஊரடங்கின் முதலிற் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றினான். பின்னர் விசைத்தறிக் கூடம் ஒன்றிற்கு வேலைக்குச் சென்றான். பள்ளி திறந்தபின் இருமுறை அவனைத் தேடிச் சென்றோம். இரண்டாம் முறை அவன் தலைகுனிந்து, “ஐயா, வாரக்கூலி வருகிறது. அதை வைத்துத்தான் தங்கை படிக்கிறாள். நான் வகுப்பில் உட்கார்ந்தால் அந்தக் கூலியை யார் தருவார்?” என்றான். பரிசளிப்பு விழாவிற் படிக்கப்படாத பெயர்களுள் அவன் பெயரும் ஒன்று. அவனைப் போன்றே, பதினெட்டு வயது நிரம்புமுன் மணம் பேசப்பட்டுப் பள்ளியை மறந்த பெண்மக்களும் உளர். அவ்வீடுகளின் பெயரைச் சொல்லோம், சொல்லாமலே அறிவோம்.

கொரோனா 1918-ஆம் ஆண்டு நோயைப் போன்று இளம்பெற்றோரை மிகுதியாகக் கொள்ளவில்லை. முதியோரையே பெரிதும் கொண்டது. எனினும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் பலர். இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பாக இடப்பட்டு 18 வயதில் வட்டியோடு வழங்கப்படும் என்றும், ஒருவரை இழந்த வீட்டிற்கு 3 இலட்சம் உதவி என்றும் 2021 மே மாதத்தில் நம் மாநில அரசினர் அறிவித்தனர். ஆனால் பாட்டனையும் பாட்டியையும் இழந்த வீட்டிற் பிள்ளை இழந்தது எத்துணை என்பதைக் கணக்கிடுவார் யார்? தாயும் தந்தையும் தறியில் இருக்கும்பொழுது பிள்ளைக்குச் சோறூட்டிக் கதை சொல்லி, எண்ணவும் எழுதவும் தொடங்கி வைத்தவர் அம்முதியோரே. திண்ணைப்பள்ளி மறைந்தபின்னும் திண்ணையில் எஞ்சியிருந்த ஆசிரியர் அவரே.

இவ்விருளில் ஒளியும் உண்டாயிற்று. எம் தெருவிற்கு அடுத்த தெருவில், எட்டாம் வகுப்புப் பயின்ற பெண் ஒருத்தி, தன் தம்பியர் இருவரையும் மாலைதோறும் திண்ணையில் இருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்தாள். சில நாளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவர் வந்தனர். “அக்கா, எனக்கும்” என்று பின்னர் வேறு சிலரும் வந்தனர். கரும்பலகை இல்லை, தறிவீட்டுக் கதவில் எழுதினாள். யாம் ஒருநாள் அவ்வழியே சென்றபொழுது, இளையவன் ஒருவன் ‘ற’கரத்திற்கும் ‘ர’கரத்திற்கும் வேறுபாடு கேட்க, அவள் சலியாது மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கைப்பேசி வழியே யாம் அனுப்பிய பாடம் செய்யாததை அச்சிறுமி செய்தாள். சென்னையினின்று கடல் கடந்து சென்ற பழைய வழக்கம் எங்கும் போய்விடவில்லை. தேவை வந்தபொழுது தானே எழுந்து அமர்ந்தது.

அரசினரும் இவ்வழியே நாடினர். 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகட்கு, அவர்தம் குடியிருப்பின் அருகிலேயே, மாலை வேளையில், அவ்வூரிற் கற்றவரே தன்னார்வலராய்க் கற்பித்தல் அதன் நோக்கம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்பணி புரிந்தனர், பெரும்பாலார் பெண்கள். இதன் பயன் அளந்து காணப்பட்டது. நம் மாநிலத்து ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த பொருளியலறிஞர், பள்ளி மூடலால் நேர்ந்த இழப்பு மிகப் பெரிது என்றும், பள்ளி திறந்த பின்னர் ஆறு திங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்றும் கண்டனர். சுருங்கக் கூறின், பிள்ளையின் அருகே ஒரு மனிதர் அமர்ந்தார், பிள்ளை மீண்டது.

ஆயினும் முற்றும் மீண்டதோ எனின், இல்லை. 2018-ஆம் ஆண்டு நம் மாநில ஊரகங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லோர் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். 2022-இல் அவர் ஏறத்தாழ 25 பேரே என ஏசர் அறிக்கை கூறுகிறது. முன்னமே குறைவு, பின்னும் குறைந்தது. 2020-ஆம் ஆண்டு முதல் வகுப்பிற் பெயர் பதிந்த குழந்தை, இரண்டாம் வகுப்பின் நடுவிலேதான் வகுப்பறையைக் கண்டது. அக்குழந்தை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டு 2030. ‘கொரோனா போய்விட்டது’ என்று நாம் கூறுகின்றோம். நோய் போயிற்று, அந்நோய்க் காலத்துப் பிள்ளைகள் இன்னும் நம் வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் அடித்தளத்து ஒரு கல் இளகியிருக்கிறது. மேற்கட்டடம் எழும்போதுதான் அது தெரியவரும்.

இம்மூன்று காலங்களானும் அறியக் கிடப்பது ஒன்றே. பள்ளி மூடப்படுங்கால் வீடே பள்ளியாகிறது; ஆதலின் வீட்டின் ஏற்றத்தாழ்வே பிள்ளையின் கல்வியாகிவிடுகிறது. பொதுப்பள்ளியில் இருவரும் ஒரு பலகையில் அமர்வர். வீட்டிலோ ஒருவனுக்குத் தனியறை, மற்றொருவனுக்குத் தறிக்குழி. இவ்வேறுபாட்டைத் தனி வீடு ஒன்று தானே நீக்கிக்கொள்ள மாட்டாது, கருவியும் நீக்கமாட்டாது, அண்டை அயலாரும் ஊராரும் கூடியே நீக்குதல் இயலும். நம் சங்கம் எதற்காக உளது? திருமணப் பத்திரிகையில் அச்சிடுதற்கோ? விழாவில் மாலை சூட்டுதற்கோ? வீடு தாங்க மாட்டாததைப் பலர் கூடித் தாங்குதற்கன்றோ!

ஆகவே சங்கத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் சில கூறத் துணிகின்றோம். ஒவ்வோர் ஊர்க்கிளையும், கொரோனாக் காலத்திற் பள்ளியை விட்டு மீளாத நம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வீடுவீடாகச் சென்று ஆயத்தம் செய்க. அவருள் இளையோரை மீண்டும் பள்ளியிற் சேர்க்க. வயது கடந்தோரைத் தனித்தேர்வராய் எழுதச் செய்து, தேர்வுக்கட்டணத்தையும், கூலியிழக்கும் நாட்கட்கு ஈடாகச் சிறு தொகையையும் சங்கநிதியினின்று உதவுக. சங்கக் கட்டடம் மாலைதோறும் பூட்டிக் கிடக்கின்றது. அதனைத் திறந்து விளக்கேற்றி, நாள்தோறும் ஒரு மணி நேரம் சிறுபிள்ளைகளை உரக்கப் படிக்கச் செய்க. கற்பித்தற்கு நம் தெருக்களிற் கல்லூரி கற்று வீட்டிலிருக்கும் பெண்மக்கள் பலர் உளர். மதிப்போடு அழைத்தால் வருவர். நம் குலப்பிள்ளையோடு அண்டைக் குலத்துப் பிள்ளையும் வந்து அமர்ந்தால் எழுப்பாதீர். நோய் குலம் கேட்டு வரவில்லை, எழுத்தும் குலம் கேட்பதன்று. பழைய திண்ணையின் நன்மையைக் கொள்வோம். அதன் குற்றத்தை மீண்டும் கொள்ளற்க.

தாய்மார்க்கு ஒன்று. படிக்கத் தெரியாத யாம் எங்ஙனம் கற்பிப்போம் என மலையாதீர். பிள்ளையை அருகிருத்தி, “இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்” என்று கேட்டல் போதும். சொல்லுங்கால் பிள்ளை கற்கும். கேட்பாரின்றியே பல பிள்ளைகளின் படிப்பு ஒழிந்தது. தந்தையர்க்கும் ஒன்று. மகள் படிப்பை நிறுத்தி மணம் பேச விரையாதீர். எம் அடுத்த தெருத் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகட்குக் கற்பித்தவளும் ஒரு வீட்டின் மகளே.

அடுத்த பரிசளிப்பு விழாவிற் சிறந்த மாணாக்கர் பட்டியலோடு மற்றொரு பட்டியலும் படிக்கப்படுதல் வேண்டும் என்பது எமது விருப்பம். பள்ளியை விட்டுச் சென்று, இவ்வாண்டு திரும்பி வந்த பிள்ளைகளின் பட்டியல் அது. அதில் ஒரு பெயரே இருப்பினும் அமையும். விசைத்தறிக் கூடத்திற்குச் சென்ற அம்மாணவன் இப்பொழுது வளர்ந்த ஆடவன். தங்கையின் படிப்பை முடித்துவிட்டான். சென்ற திங்கள் கடைத்தெருவிற் கண்டபொழுது, “ஐயா, இனி எழுதினால் எழுதலாமா?” என்று மெல்லக் கேட்டான். எழுதலாம் என்றோம். விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்துள்ளோம். எஞ்சியதற்குச் சங்கத்தார் துணைநிற்பார் என நம்புகின்றோம்.